வாளியின் மேல் நின்றவள்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. அண்ணன் எழுதச் சொன்னான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கமாக இருக்கும்.

"நாலு மாடிக் கடை திறக்கறோம். வர்றவங்க கையில ஒரு விழா மலர் குடுக்கணும். அப்பா தெருவுல வாளி வித்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும். பத்துப் பக்கம் போதும். அழுகை கொஞ்சம், பெருமை நிறைய. உனக்குத்தான் எழுத வருமே" என்றான்.

எனக்கு எழுத வரும் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு சின்ன உடல் உபாதையைப் போல ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டாவது விற்காமல் கிடந்தபோது, மூன்று வாளி சேர்த்து வாங்குபவர்களுக்கு ஒரு பிரதி இலவசம் என்று அண்ணன் கடையில் எழுதிப் போட்டான். ஒரே வாரத்தில் தீர்ந்தது. சிலர் புத்தகம் வேண்டாம், பதிலுக்கு ஒரு குவளை கொடுங்கள் என்று கேட்டதைப் பல மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். அந்த அளவுக்கு என் மேல் பாசம் உள்ளவன்.

ஆகவே சரியென்றேன். இருபத்தைந்தாம் தேதி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்று இருபத்து மூன்று. [இதை எழுதும்போது இருபத்து மூன்று. நீங்கள் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். உங்களுக்கென்ன, நிம்மதியாகப் படிக்கலாம்.]

2

இதுவரை எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

'வெறுங்கையோடு வந்து வானளாவ உயர்ந்த ஒரு மனிதரின்...' வேண்டாம். அப்பா வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு கையிலும் வாளி இருந்தது.

'சைக்கிளில் ஒரு கோபுரம் நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா?' இதுவும் வேண்டாம். கேள்வி கேட்டு ஆரம்பித்தால், இல்லை என்று சொல்லிவிட்டு வாசகர் எழுந்து போய்விடுவார்.

'அன்று அம்மா வாளியின் மேல் ஏறாமல் இருந்திருந்தால்

இந்த வரியை முடிக்க முடியவில்லை. பதினோரு நாளாக முடியவில்லை. அதை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு அப்பாவிடம் போகிறேன்.

3

அப்பாவை ஊரில் வாளிக்காரர் என்பார்கள். இன்றைக்கும் வங்கி மேலாளர் உள்ளே குரல் கொடுக்கும்போது "வாளிக்காரர் வந்திருக்கார்" என்றுதான் சொல்கிறார். அப்பா அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வார்.

அந்தக் காலத்தில் சைக்கிளின் பின்னால் நாற்பது வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இரண்டு தூணாக நிறுத்தி, டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டுவார். காற்றடித்தால் சைக்கிள் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் போவார்கள். வெயில் ஏறினால் வாளிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இரண்டு ஆள் இழுத்தாலும் வராது. விளிம்பில் சோப்புத் தண்ணீர் விட்டு, பொறுமையாகத் திருகினால் 'பக்'கென்று ஒரு சத்தத்தோடு விடும். அந்தச் சத்தத்தை அப்பா வாயாலேயே செய்து காட்டுவார்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். பெரிய வியாபாரி ஆகப் போகிறவருக்கு ஒரு துணிச்சல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது கிடையாது. நாய் என்றால் பயம். போக்குவரத்துக் காவலர் என்றால் பயம். பேரம் பேசும் பெண்கள் என்றால் எல்லாவற்றையும் விடப் பயம். அவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே குறைத்துவிடுவார். இப்படிப்பட்டவர் நாலு மாடி கட்டினார் என்று எழுதினால் நம்பும்படி இல்லை. இதுவே நான் கற்பனை செய்த பாத்திரமாக இருந்தால் அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டிருப்பேன்.

அப்போதெல்லாம் ஜனங்கள் பிளாஸ்டிக்கை நம்பவில்லை. வீட்டுக்கு வீடு இரும்பு வாளி. "இது ஒரு மாசம் தாங்குமா?" என்று சுண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று காட்டினார். ஊதினால் பறக்கிற உடம்பு அவருக்கு. "நீ ஏறினா காகிதப் பை கூடத்தான் தாங்கும்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் அம்மா ஏறினாள்.

4

இனி வருவது எங்கள் குடும்பத்தின் கதை. நான் பிறந்ததிலிருந்து கேட்டது. கல்யாண வீடுகளிலும் வியாபாரிகள் சங்கத்துக் கூட்டத்திலும் அண்ணன் சொல்லுவது. அவன் சொல்லுகிறபடியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். சந்தைத் தெரு முனையில், நடைபாதையில், கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் ஏறி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கூடிவிட்டது. "புள்ளத்தாச்சியையே தாங்குது, ரெண்டு குடம் தண்ணியைத் தாங்காதா?" என்று யாரோ சொன்னார்கள். உச்சி வெயிலுக்குள் சைக்கிள் காலி. இந்தச் செய்தி வாளித் தொழிற்சாலை முதலாளியின் காதுக்குப் போயிற்று. அவர் நேரிலேயே தேடி வந்து, அசந்து போய், இந்த ஊருக்கான மொத்த ஏஜென்சியையும் அப்பாவுக்கே எழுதிக் கொடுத்தார். ஒரு சின்ன அறை, அதுவே கடை. பிறகு பக்கத்து அறை. பிறகு மாடி. மற்றது உங்களுக்கே தெரியும்.

முடிக்கும்போது அண்ணன் தன் மார்பில் தட்டிக்கொள்வான். "அன்னிக்கு அம்மா வயித்துல இருந்தது யாரு? நான். பொறக்கறதுக்கு முன்னாடியே வியாபாரம் பண்ணவன்."

எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

புதுக் கடை வாசலில் வைக்க ஆறடியில் ஒரு ஃபைபர் சிலை செய்யச் சொல்லியிருந்தான். வாளியின் மேல் அம்மா, வயிற்றில் ஒரு கை. அது போன வாரமே வந்துவிட்டது. உறை பிரிக்காமல் கீழ்த் தளத்தில் நிற்கிறது. அவன் அம்மாவிடம் சொன்னபோது, "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்குப்பா" என்றாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கூச்சம் என்று நினைத்தோம்.

5

மலரில் போடுவதற்காக அந்த ஏஜென்சிக் கடிதத்தைக் கடைப் பையனிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். பழைய கடையில் கல்லாவுக்கு மேலே, ஏணி போட்டால் மட்டும் எட்டுகிற உயரத்தில், சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. நாற்பத்தாறு வருஷமாக எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். படித்தவர் யாருமில்லை.

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வலது மூலையில் தேதி.

அண்ணன் பிறந்தது அந்தத் தேதிக்கு இருபத்திரண்டு மாதம் கழித்து. யானைக்குத்தான் அவ்வளவு மாதம்.

[தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்று முதலில் எழுதினேன். பிறகு, ஏழு மாதம் என்பது கதைக்காகச் சேர்த்ததாக இருக்கலாம் என்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். வயிற்றில் கைவைத்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் சந்தைத் தெருவில் இருக்கிறார்கள்.]

ஒரு நல்ல மகள் அதோடு விட்டிருப்பாள். தேதியை மறைத்துப் படத்தை வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. நான் அதையும் செய்து பார்த்தேன். வெட்டிய படத்தை மூடி வைத்தேன். மறுபடி திறந்தேன்.  அம்மா அன்று யாரைச் சுமந்துகொண்டு நின்றாள்?

6

மத்தியானம். அம்மா மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ வாளி மேல ஏறினப்ப அண்ணனா வயித்துல இருந்தான்?"

கிளிப்பை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவினாள். கிளிப்பை வெளியே எடுத்தாள்.

"யார் கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தேதி இடிக்குது."

தண்ணீர்த் தொட்டியின் கட்டையில் உட்கார்ந்தாள். மடியில் அப்பாவின் சட்டை.

"ஒம்பது நாள் ஏறினேன். ஒம்பது நாளும் ஒண்ணும் ஆகல. பத்தாம் நாள் புதுச் சரக்கு. வாளியோட அடியில மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஏறினேன்."

"அப்பா?"

"அவர் வேணாம்னாரு. முதுகு வலிக்குதுன்னியே, உக்காருன்னாரு. நான்தான் கேக்கல. நாலு பேர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க, இப்ப விட்டா நகந்துடுவாங்கன்னு எனக்கு அவசரம். நான்தான் ஏறினேன்."

வாளி பிளந்தது. அம்மா நடைபாதையின் கல் விளிம்பில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். குழந்தை தங்கவில்லை.

"பொண்ணு" என்றாள் அம்மா. "முடி நிறைய இருந்துச்சு."

நான்காம் நாள் தொழிற்சாலை முதலாளி ஒரு பழப் பையோடும் ஓர் உறையோடும் வந்திருக்கிறார். மோசமான சரக்கு என்று வெளியே பேச்சு கிளம்பிவிடுமோ என்று அவருக்குப் பயம். உறைக்குள் இருந்ததுதான் இன்றைக்குச் சட்டத்துக்குள் இருப்பது.

"அப்ப அண்ணன் சொல்ற கதை?"

"முதல் ஒம்பது நாள் பாத்தவங்கதான் ஊர்ல நிறைய. அவன் பொறந்ததும், இவன்தான் அந்தப் புள்ளைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. திருத்தலாம்னா எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. அப்புறம் அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட ஆரம்பிச்சுட்டான். புள்ளையோட சந்தோஷத்தை எப்படிடி புடுங்கறது?"

எழுந்து துணிகளை அள்ளினாள். படியில் இறங்குவதற்கு முன் திரும்பினாள்.

"உங்கப்பா அதுக்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கேக்கல. 'ஏன்டி ஏறினே'ன்னு ஒரு நாள் கத்தியிருந்தா நானும் அழுது முடிச்சிருப்பேன். மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டாரு. நாப்பத்தாறு வருஷம். இன்னிக்கும் என் கண்ணுக்கு முன்னாடி ஒரு வாளியைத் தூக்க மாட்டாரு, கவனிச்சிருக்கியா?"

கவனித்திருக்கவில்லை. எழுதுகிறவள் என்று பெயர்.

7

அப்பா தினமும் காலையில் பழைய கடைக்குப் போய்விடுவார். இப்போது அவருக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. வாசல் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வந்திறங்கும் ஒவ்வொரு வாளியையும் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அடியைப் பார்ப்பார். பிறகு மூன்று தட்டுத் தட்டுவார். அண்ணன் பல தடவை சொல்லிவிட்டான், இப்போது எல்லாம் மெஷினில் சோதித்துத்தான் வருகிறது என்று. வயதானவர், பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அம்மாவிடம் பேசிய கையோடு அங்கே போனேன். அவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரப் போனேன். "அதுல உக்காராதே!" என்று போட்ட சத்தத்தில் கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

அம்மா சொன்னது எதையும் நான் சொல்லவில்லை. தேதியைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் வாளி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா அன்னிக்கு முதுகு வலிக்குதுன்னா. இன்னிக்கு வேணாங்க, என்னமோ மாதிரி இருக்குன்னா. உக்காரும்மான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. நாலு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. 'ஒரே ஒரு தடவை ஏறும்மா'ன்னேன்."

"நீங்களா சொன்னீங்க?"

"நான்தான். அவ என்னைப் பாத்தா. ஒண்ணும் பேசாம ஏறினா."

வாளியைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"அந்த ஆளு ஆஸ்பத்திரிக்கு வந்து கவரை நீட்டினாரு. மூஞ்சியில விட்டெறியணும்னுதான் நெனச்சேன். நெனச்சு முடிக்கறதுக்குள்ள கை வாங்கிடுச்சு."

"அம்மாகிட்ட இதை எப்பவாவது பேசினீங்களாப்பா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசறது? அவ என்னை மன்னிக்கல. தப்பில்ல, மன்னிக்க வேண்டாம். கடை வந்துச்சு, வீடு வந்துச்சு, எது வந்தாலும் அவ வாயைத் தொறந்து இது வேணும்னு கேட்டதில்ல. வேணாம்னு சொன்னப்பவே கேக்காதவன்கிட்ட வேணும்னு என்னத்தைக் கேப்பா?"

[இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஒரே காலை, ஒரே நடைபாதை, அதே நாலு பேர். அவர் வேண்டாம் என்றார், நான் ஏறினேன் என்கிறாள் அம்மா. அவள் வேண்டாம் என்றாள், நான் ஏறச் சொன்னேன் என்கிறார் அப்பா. கதையில் இரண்டு பேர் மாற்றிச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். பொய் சொல்கிறவன் பழியை அடுத்தவன் பக்கம் தள்ளுவான். இவர்கள் இரண்டு பேரும் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கதைப் பட்டறையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.]

8

இன்று இருபத்து நான்கு.

முடிவுகளைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். அண்ணன் சொல்லும் கதையையே எழுதலாம். சிலை நிற்கும், கைதட்டல் கிடைக்கும், அம்மா இன்னும் கொஞ்சம் துணி மடிப்பாள். அம்மா சொன்னதை எழுதலாம். அப்பா படித்துவிட்டு, என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று இன்னும் குறுகிப் போவார். அப்பா சொன்னதை எழுதினால் அம்மாவுக்கும் அதே கதி. முதலாளியின் மேல் பழியைப் போடலாம். நியாயமும் அதுதான். வாளியை மோசமாகச் செய்தது அவர். ஆனால் நாற்பத்தாறு வருஷமாக இரண்டு பேரும் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெளியாள் ஒருவனுக்கு அந்தத் துக்கத்தில் பங்கு கொடுக்க அவர்களுக்கு மனமில்லையோ என்னவோ.

எனக்குப் பயமாக இருந்தது. காலையில் அண்ணனைப் பார்க்கப் போனேன்.

புதுக் கடையில் பெயிண்ட் வாசனை. அலமாரிகளை ஆட்கள் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையில் ஒரு அளவு நாடாவோடு நின்றான். "எழுதிட்டியா?" என்று கேட்டான். கடிதத்தின் தேதியைக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் சொன்னதையும் சொன்னேன்.

நாடாவை இழுத்தான். விட்டான். அது சர்ரென்று உள்ளே போனது. மறுபடி இழுத்தான்.

"அப்ப நான் இல்லையா அது?"

"இல்லண்ணா."

"எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்!" சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். அவங்க முன்னாடியே நெஞ்சைத் தட்டிக்கிட்டு... ஒரு தடவை கூட வாயை மூடுறான்னு சொல்லலையே."

"உனக்கு சந்தோஷமா இருந்துச்சுல்ல."

அவன் உறை மூடிய சிலையின் பக்கம் போனான். பிளாஸ்டிக் தாளுக்குள் வயிற்றின் மேல் வைத்த கை மட்டும் புடைத்துத் தெரிந்தது. அதைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டான். அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. சரக்கு லாரிக்காரர்களை ஒரு அதட்டலில் அடக்குகிறவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"நமக்கு ஒரு அக்கா" என்றான்.

"ஆமா."

"இதைத் திருப்பி அனுப்பிடறேன். மலரும் வேணாம். அச்சகத்துக்கு நான் சொல்லிக்கறேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"ஆனா நீ எழுது" என்றான் பின்னாலிருந்து. "ஊருக்கு வேணாம். அவங்க ரெண்டு பேருக்கும் எழுது. நாம போய் எடுத்துச் சொன்னா அவர் எழுந்து கடைக்குப் போயிடுவாரு, அம்மா மாடிக்குப் போயிடுவாங்க. நீ எழுதினா கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பாங்க. அப்பா உன் கதையை ஒண்ணு விடாம படிச்சிருக்காரு, தெரியுமா?"

தெரியாது. 

ஆகவே மலருக்காக எழுதி வைத்திருந்ததை, அடித்தல் திருத்தல் எதையும் மறைக்காமல், முடியாத வரியை முடிக்காமல், அப்படியே இந்தத் தாள்களில் சேர்த்திருக்கிறேன். அப்பா, அம்மா, உங்களைக் கேட்காமல் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் ஒருவரோடொருவர் பேசிவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

9

[இது மட்டும் தனித் தாள். சமையலறை மேடையில் வைத்து, கையால் எழுதுகிறேன். அவர்களிடம் கொடுத்த தாள்களில் இது இல்லை.]

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாதான் சாயங்காலம் அவளுக்குப் பேப்பர் படித்துச் சொல்வார். இன்று பேப்பருக்குப் பதிலாக இதைக் கொடுத்தேன். "அப்பா, இதைப் படிங்க. அம்மாவுக்குக் கேக்கற மாதிரி." வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

டீக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. மறுபடி வைத்திருக்கிறேன். இலவசப் புத்தகம் வரும் இடத்தில் அம்மா சிரித்தாள். அப்பாவுக்கு நாய் என்றால் பயம் என்று வந்தபோது அவர் நிறுத்தி, "பயமெல்லாம் ஒண்ணுமில்ல, எச்சரிக்கை" என்றார். "அவ சரியாத்தான் எழுதியிருக்கா, மேல படிங்க" என்றாள் அம்மா. நாலாவது பகுதியை அவர் வேகமாகப் படித்தார். ஐந்தாவதில் குரல் குறைந்தது. இருபத்திரண்டு மாதம் என்ற இடத்தில் இருமினார்.

நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். கதவிடுக்கில் பார்க்கவும் தைரியமில்லை. அப்பாவின் மகள்தானே.

நிறுத்தவில்லை. துணி, கிளிப், வெள்ளைக் கோடு. அம்மாவின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அப்பாவின் வாயில் வருகின்றன. "அவர் வேணாம்னாரு" என்று படிக்கிறார். "நான்தான் கேக்கல" என்று படிக்கிறார். "நான்தான் ஏறினேன்" என்று படிக்கிறார். அதை அவரே சொல்வது போல இருக்கிறது. குரல் உடைந்தும் நிற்காமல் போய், பெண், முடி நிறைய, பழப் பை, உறை, நாற்பத்தாறு வருஷம் எல்லாவற்றையும் கடந்து, அந்தப் பகுதியின் கடைசி வரியில் வந்து நின்றுவிட்டது.

 சோபாவின் ஸ்பிரிங் ஒரு தடவை முனகியது. யார் அசைந்தது என்று தெரியவில்லை.

அடுத்த பக்கம் அவருடையது. அம்மாவால் படிக்க முடியாது. அவர்தான் தன் வாயால் படிக்க வேண்டும்.

"இவ என்ன இப்படி எழுதியிருக்கா" என்கிறார் அப்பா. "நீ வேணாம்னுதானேம்மா சொன்னே..."

"நீங்க மேல படிங்க" என்கிறாள் அம்மா. இந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

தாள் புரள்கிறது.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியே போகிறேன். இனி அங்கே பேசப்படுவதை நான் கேட்கக் கூடாது. கேட்டால் எழுதிவிடுவேன். உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நீங்கள் இருங்கள்.